அலமாரியும் தோள்பையும்

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூலகர் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்களுக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களைப் பற்றிப் பேசுங்கம்மா" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீட்டு அலமாரி முன்னால் போய் நின்றேன். அரை மணி நேரத்தில் பத்துக்கு நாற்பது பெயர் எழுதியாகிவிட்டது. எழுதியதைப் படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அதில் பாதி, நான் கடைசிப் பக்கம் வரை போகாதவை. இன்னும் சில, ஒரு தடவை படித்துவிட்டு அதற்கப்புறம் தூசி தட்ட மட்டும் தொட்டவை. எல்லாம் நடுத்தட்டில், வீட்டுக்கு வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணில் படுகிற உயரத்தில் நிற்கின்றன. அந்த உயரம் தற்செயலாக அமைந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பரணில் கிடந்த என் பழைய கான்வாஸ் தோள்பையை இறக்கினேன். பிடிவார் அறுந்து இரண்டு தடவை தைத்த பை. அதற்குள் எந்தெந்தப் புத்தகம் போய் வந்தது என்று நினைத்துப் பார்த்தேன். வேறொரு பட்டியல் வந்தது. இன்று அந்தப் பட்டியலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒருவருடைய ரசனையைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், அவர் ஊருக்குக் கிளம்புகிற ராத்திரி பையைத் திறந்து பாருங்கள் என்பேன். அலமாரி ஊராருக்குச் சொல்கிற பதில். பையில் ஒவ்வொரு கிராமையும் நாமே சுமக்க வேண்டும். சுமக்கிறவன் பொய் சொல்ல மாட்டான்.

நான் 34 வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் ஆய்வுப் பிரிவு. வங்கியில் இருந்தவர்களுக்கு அது என்ன பிழைப்பு என்று தெரியும். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு கிளைக்குள் காலையில் நுழைய வேண்டும். முதல் வேலை, பெட்டகத்தில் இருக்கும் பணத்தை எண்ணுவது. பிறகு நகைக்கடன் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடை பார்ப்பது. அப்புறம் பேரேடுகள், கடன் பத்திரங்கள், அடமானச் சொத்துகளை நேரில் போய்ப் பார்ப்பது. சின்னக் கிளை என்றால் பத்து நாள், பெரிய கிளை என்றால் ஒரு மாதம். அந்த ஊரில் யாருக்கும் நம்மேல் பிரியம் இருக்காது. இருக்கவும் கூடாது. மேலாளர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் போகக் கூடாது. சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்பினால் ஒரு குண்டு பல்பு, ஒரு பிளாஸ்டிக் வாளி, ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்ட் இரைச்சல். எண்பதுகளில் தனியாகப் போகிற பெண்ணுக்கு இரண்டாம் ஆட்டம் சினிமாவும் கிடையாது, கடைத்தெருவில் உலாத்துவதும் கிடையாது. அதனால் புத்தகம் எனக்குப் பொழுதுபோக்காக வரவில்லை. ராத்திரிச் சாப்பாடு மாதிரி வந்தது. இல்லாவிட்டால் தூக்கம் பிடிக்காது.

நாலு புடவை, துண்டு, கணக்குப் போடுகிற இயந்திரம், மருந்து டப்பா, ஒரு பாட்டில் ஊறுகாய் போக, புத்தகத்துக்கென்று இரண்டு கிலோ மிஞ்சும். முதல் இரண்டு வருடம் அந்த இரண்டு கிலோவை வீணாக்கினேன். "படிக்க வேண்டிய" புத்தகங்களை எடுத்துப் போனேன். தத்துவ நூல் ஒன்று, பெயர் வேண்டாம், என்னோடு ஈரோடு, குண்டூர், பெல்லாரி என்று மூன்று ஊர் பார்த்தது. 14-ஆம் பக்கத்தில் வைத்த பஸ் டிக்கெட் இன்னும் அங்கேயே இருக்கிறது. வீட்டில் படிக்காததை லாட்ஜில் படிப்போம் என்பது, வீட்டில் செய்யாத யோகாசனத்தை மாமியார் வீட்டில் செய்வோம் என்கிற மாதிரி.

பிறகு பையே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எது திரும்பத் திரும்ப உள்ளே போனது தெரியுமா? முதலில் தி. ஜானகிராமனின் சிறுகதைகள். அவருடைய "சிலிர்ப்பு" முழுக்க ரயிலில் நடக்கிற கதை. கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் ஒரு சின்னப் பெண், எதிரில் அப்பாவோடு வருகிற ஒரு பையன், அவன் கையில் ஓர் ஆரஞ்சுப் பழம். அவ்வளவுதான். அதை வீட்டில் படித்தபோது நல்ல கதை என்று நினைத்தேன். இரண்டாம் வகுப்புப் பெட்டியில், எதிர் சீட்டில் யாரோ ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது அசோகமித்திரன். பெரிய விஷயத்தைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறவர். நாள் முழுக்கப் பிறரிடம் குரல் உயர்த்திவிட்டு வந்த எனக்கு அந்தத் தாழ்ந்த குரல் தேவைப்பட்டது. மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எஸ். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்". 1951-இல் முதல் பாகம் வந்த சமையல் புத்தகம். லாட்ஜுக்குக் கீழே இருந்த ஓட்டலில் அந்த வெந்நீர் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு மேலே வந்து, ரசத்துக்கு எதை எந்த வரிசையில் வறுக்க வேண்டும் என்று நிதானமாகப் படிப்பேன். அது இலக்கியமா என்று கேட்பவர்கள், பதினெட்டு நாள் ஓட்டல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து கேட்கட்டும்.

என் ரசனையில் ஆழம் குறைவு, அகலமும் குறைவு என்று அப்போது புரிந்தது. மனிதர்கள் வேலை பார்ப்பதையும் சாப்பிடுவதையும் எழுதுகிறவர்கள் எனக்குப் பிடிக்கும். சும்மா யோசித்துக்கொண்டே இருக்கிற கதாநாயகர்களைப் பிடிக்காது. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்கிற புத்தகங்கள் அறவே ஆகாது. முன்னேறியவர்கள் அடகு வைத்த நகைகளை நான் நிறைய எடை போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். 1986-இல் டெல்லியில் ஒரு பயிற்சிக்குப் போனேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு முழுப் பகல். அதற்காகவே "பொன்னியின் செல்வ"னை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். சின்ன வயதில் அம்மா பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துக் கட்டிய பைண்டு வால்யூம் வீட்டில் இருந்தது. கரையான் அரித்துவிட்டதால் நான் அதுவரை முழுதாகப் படித்ததில்லை. புதிதாக ஐந்து பாகமும் வாங்கினேன். போக முதல் பாகம், வர இரண்டாம் பாகம் என்று கணக்கு. ஜன்னல் சீட்டு. பல்லார்ஷா தாண்டுவதற்குள் முதல் பாகம் முடிந்துவிட்டது. அடுத்ததை இப்போதே ஆரம்பித்துவிடலாம் என்று பையில் கைவிட்டால், வந்தது மூன்றாம் பாகம். "சுழற்காற்று" வீட்டில் இருக்கிறது. "கொலை வாள்" என் மடியில் இருக்கிறது.

நாக்பூரில் இறங்கித் தமிழ்ப் புத்தகம் தேட முடியுமா? மூன்றாம் பாகத்தைப் பிரித்தேன். கோடிக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார் கல்கி. பூங்குழலி என்று ஒரு பெண் வருகிறாள். எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. கடலில் ஏதோ பெரிய விபரீதம் நடந்து முடிந்திருக்கிறது. இலங்கையில் என்னவோ ஆகியிருக்கிறது. நடுவில் 400 பக்கத்துக்கு நான் இல்லை. ஆக்ரா வரைக்கும் அந்த 400 பக்கத்தை நானே மனசுக்குள் எழுதிக்கொண்டு போனேன். ஊருக்குத் திரும்பி இரண்டாம் பாகத்தைப் படித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், என் புயல் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கல்கி ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். பயணத்தில் கைக்குக் கிடைக்காமல் போன புத்தகமும் ஒரு வகையில் நம்மைப் படிக்க வைக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் இப்போதெல்லாம் பாகம் எண்ணைப் பார்த்துத்தான் பையில் வைக்கிறேன்.

பயணத்துக்கு லேசான புத்தகம்தான் சரி என்று ஒரு பேச்சு உண்டு. இது வாசகர்கள் கண்டுபிடித்ததா, கடைக்காரர்கள் கண்டுபிடித்ததா என்று எனக்குச் சந்தேகம். ரயில் வந்த காலத்திலேயே ரயிலுக்கான புத்தகமும் வந்துவிட்டது. 1888-இல் அலகாபாத்தில் ஏ.எச். வீலர் நிறுவனம் "இந்திய ரயில்வே நூலகம்" என்று ஒரு வரிசை தொடங்கியது. ஒரு புத்தகம் ஒரு ரூபாய். அதில் வந்த முதல் ஆறு கதைத் தொகுதிகளும் அப்போது இருபத்து மூன்று வயதுகூட நிரம்பாத ருட்யார்டு கிப்ளிங் எழுதியவை. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் விற்ற புத்தகத்தால்தான் அவர் பெயர் வெளியே பரவியது. வடக்கே வீலர் என்றால் நம் பக்கத்து ஸ்டேஷன்களில் ஹிக்கின்பாதம்ஸ். 1844-இல் சென்னையில் தொடங்கிய கடை. அந்தக் கடைகளின் மர அடுக்கில் முதல் வரிசை எப்போதும் துப்பறியும் கதைகளுக்குத்தான்.

ஆனால் 1935-இல் இங்கிலாந்தில் ஆலன் லேன் என்பவர் நேர் எதிராக ஒன்று செய்தார். எழுத்தாளர் அகதா கிறிஸ்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், எக்ஸிடர் ரயில் நிலையத்தில் படிக்க உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை, அந்த எரிச்சலில்தான் பெங்குவின் புத்தக வரிசை பிறந்தது என்று சொல்வார்கள். நல்ல எழுத்து, காகித அட்டை, ஆறு பென்ஸ் விலை. ஒரு சிகரெட் பாக்கெட் வாங்குகிற காசு. பயணி மட்டமானதைத்தான் கேட்பான் என்று யார் சொன்னது என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு லட்சக்கணக்கில் விற்பனை பதில் சொன்னது.

இதனால் பாக்கெட் நாவல்களை நான் மட்டம் தட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே எத்தனை கொலைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்! சட்டைப் பையில் செருகலாம், மழையில் நனைந்தால் அழ வேண்டாம், இறங்குகிற இடத்தில் சீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் தமிழில் வரவில்லை. குறை வடிவத்தில் இல்லை. அதே அளவில், அதே விலையில் புதுமைப்பித்தனையும் கு. அழகிரிசாமியையும் ஸ்டேஷனில் யாரும் வைக்கவில்லை என்பதுதான் என் குறை.

பஸ்ஸில் புத்தகம் விற்பவரை உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏறுவார். ஒன்றும் பேசாமல் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டே பின்னால் வரை போவார். எனக்கு விக்கிரமாதித்தன் கதை, பக்கத்து அம்மாவுக்குக் கோலப் புத்தகம், கல்லூரிப் பையனுக்கு முப்பது நாளில் இந்தி. திரும்பி வரும்போது புத்தகமோ காசோ, இரண்டில் ஒன்றை வாங்கிக்கொள்வார். ஆளைப் பார்த்து அவர் புத்தகம் வைப்பாரா, கைக்கு வந்ததை வைப்பாரா என்று பல தடவை கவனித்திருக்கிறேன். ஆளைப் பார்த்துத்தான் வைப்பார். எனக்கு ஒருநாளும் அவர் கோலப் புத்தகம் வைத்ததில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் நூலகர் கோபித்துக்கொள்வார். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தவருக்கு அந்த வேலை முதலில் பிடிக்கவே இல்லை. நூலகப் பயிற்சிக்கு லண்டன் அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் பிள்ளைகள் விளையாடும் மெக்கானோ துண்டுகளைப் பார்த்தார். சில வகைத் துண்டுகளை வைத்து எத்தனையோ உருவம் செய்யலாம் என்பதிலிருந்து புத்தகங்களை வகைப்படுத்தும் தம் கோலன் முறைக்கு யோசனை கிடைத்தது. 1925-இல் "எலோரா" கப்பலில் ஊர் திரும்பும்போது, அந்தக் கப்பலில் இருந்த சின்ன நூலகத்தின் புத்தகங்களை வைத்துத் தம் முறையைச் சோதித்துப் பார்த்தார். மற்றவர்கள் கப்பலில் கடலைப் பார்ப்பார்கள். இவர் அலமாரியைக் கலைத்து அடுக்கியிருக்கிறார்! பயணத்துக்கு என்ன புத்தகம் எடுத்துப் போவது என்று நாம் தவிக்கிறோம். அவர் போகிற இடத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டார்.

பிறகு 1931-இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் ஒரு மாட்டு வண்டி நூலகம் கிளம்பியது. ரங்கநாதனின் கொள்கைகளில் ஊறிய முயற்சி அது. எந்தப் புத்தகத்துக்கும் அதற்கென்று ஒரு வாசகர் எங்கோ இருக்கிறார் என்பது அவர் கட்சி. வாசகர் வராவிட்டால் புத்தகம் வண்டி ஏறிப் போக வேண்டியதுதானே? பயணத்தில் வாசிப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மாடு பூட்டிக்கொண்டு புத்தகமே பயணம் போன ஊர் நம்முடையது.

பெரிய மனிதர்கள் பெரிய பையோடு போனதையும் படித்திருக்கிறேன். அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய கையோடு 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். கூடவே அறுபது புத்தகங்கள் அளவுக்கு ஒரு நூலகம். வியர்வை, ரத்தம், துப்பாக்கி எண்ணெய் எது பட்டாலும் தாங்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் பன்றித்தோல் பைண்டிங். பெட்டியோடு சேர்த்து ஓர் ஆள் சுமக்கிற எடை. 27 கிலோ அளவுக்கு வரும். அந்தப் புத்தகப் பட்டியலை எல்லாரும் வியந்து எழுதுகிறார்கள். எனக்கு அதைத் தலையில் சுமந்து நடந்த ஆப்பிரிக்கரின் நினைப்புதான் வருகிறது. தான் சுமக்காத பையைப் பற்றி ஒருவர் சொல்வதை நான் ரசனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சாமர்செட் மாம் பரவாயில்லை. மலேயாவில் நடக்கிற "புத்தகப் பை" என்ற அவர் கதையில் கதைசொல்லி, அழுக்குத் துணி போடுகிற பெரிய சாக்குப் பை நிறையப் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போகிறார். எல்லா மனநிலைக்கும் ஒன்று அதில் இருக்கும். தங்கின வீட்டுக்காரர் அதிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்க, அதிலிருந்து ஒரு பயங்கரமான பழைய கதை வெளியே வருகிறது. யார் பையிலிருந்து யார் எதை எடுக்கிறார்கள் என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

சரி, போகிற ஊரைப் பற்றிய புத்தகத்தை எடுத்துப் போகலாமா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மதுரைக்குப் போனால் "காவல் கோட்டம்", நாகர்கோவிலுக்குப் போனால் "ஒரு புளியமரத்தின் கதை". என் அனுபவம் வேறு. தூத்துக்குடிக் கிளை ஒன்றை ஆய்வு செய்யப் போனபோது, உப்பளங்களுக்குக் கொடுத்த கடன்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. வெயிலில் ஜீப்பில் போய் இறங்கினேன். எத்தனை ஏக்கர், எவ்வளவு உப்பு அம்பாரமாகக் கிடக்கிறது, பத்திரத்தில் சொன்ன அளவுக்கு இருக்கிறதா, இன்சூரன்ஸ் கட்டியாகிவிட்டதா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் கணக்கில் அது சரக்கு. தூரத்தில் பெண்கள் கூடை சுமந்து போனார்கள். அவர்கள் கணக்கில் வரவில்லை.

திரும்புகிற ராத்திரி ரயிலில் படிக்க ராஜம் கிருஷ்ணனின் "கரிப்பு மணிகள்" இருந்தது. உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். ராஜம் கிருஷ்ணன் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்கிறவர் இல்லை. ஓர் இடத்துக்குப் போய், அங்கிருக்கும் மனிதர்களோடு பழகி, கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறவர். படகர்களைப் பற்றிக் "குறிஞ்சித்தேன்" எழுத நீலகிரி, மீனவர்களைப் பற்றி "அலைவாய்க் கரையில்" எழுதக் கடற்கரை. எனக்கும் அவருக்கும் ஒரே மாதிரி வேலைதான் என்று அன்று தோன்றியது. இருவரும் ஆய்வுக்குப் போகிறவர்கள். அவர் ஆய்வில் உப்பு நீரில் வெந்துபோன கால்கள் இருந்தன, கண் கூசும் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன பார்வை இருந்தது, கூலி இருந்தது. என் அறிக்கையில் அம்பாரத்தின் நீள அகலம் இருந்தது. கோவில்பட்டி வருவதற்குள் புத்தகத்தை மூடிவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடி அதே கிளைக்குப் போனேன். அந்தத் தடவை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அளத்தில் நின்று பார்த்தேன். கால் மணி நேரம் தாங்கவில்லை.

ஆகவே, போகிற ஊரின் புத்தகத்தைத் திரும்பும்போது படியுங்கள் என்பது என் கட்சி. "முன்னாலேயே படித்திருந்தால் முதல் தடவையே பார்த்திருப்பீர்களே" என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் முன்னால் படித்திருந்தால் நான் அங்கே புத்தகத்தைத்தான் தேடியிருப்பேன். என் கண்ணில் விட்டுப்போனது எது என்று எனக்குத் தெரிந்திருக்காது. இந்த விதியை நானே மீறியதும் உண்டு. அசோகமித்திரனின் "18வது அட்சக்கோடு" நாவலைப் படித்த ஜோரில் செகந்திராபாத்துக்குப் போய், லான்சர் பாரக்ஸ் எங்கே என்று ஆட்டோக்காரரைக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

பெண்களுக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தனியாகப் போகிற பெண்ணின் கையில் இருக்கிற புத்தகம் ஒரு கதவு. விரித்தால் கதவு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். "எங்கே வேலை, கல்யாணம் ஆயிடுச்சா, வீட்டுக்காரர் என்ன பண்றார்" என்று தொடங்குகிறவர் எதிரில் உட்கார்ந்தால், தடிமனான புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேராகப் பிடிப்பேன். இதற்காகவே தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்று எப்போதும் பையில் உண்டு. பக்கம் திருப்ப மறந்துவிடக் கூடாது, கண்டுபிடித்துவிடுவார்கள்.

சில சமயம் அந்தக் கதவை வெளியிலிருந்து தட்டுவார்கள். பின்னொரு தடவை டெல்லியிலிருந்து திரும்பும்போது இடார்சி ஸ்டேஷனில் வண்டி நின்றது. நான் கி. ராஜநாராயணனின் "கரிசல் காட்டுக் கடுதாசி"யைப் படித்துக்கொண்டிருந்தேன். பிளாட்பாரத்தில் நின்ற ஒரு ராணுவக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க தமிழா?" என்று கேட்டார். விளாத்திகுளம் பக்கம் சொந்த ஊராம். வேறு வண்டிக்காகக் காத்திருக்கிறார், வடக்கே எங்கோ எல்லைக்குப் போகிறார். தமிழ் எழுத்தைப் பார்த்து ஏழு மாதம் ஆயிற்று என்றார். "கொஞ்சம் பார்த்துட்டுத் தரவா?" கம்பி வழியாகக் கொடுத்தேன். நின்றவாக்கில் படித்தார். ஓர் இடத்தில் சத்தமாகச் சிரித்தார். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. வண்டி நகர ஆரம்பித்ததும் அவசரமாகத் திருப்பி நீட்டினார். "வச்சுக்கோங்க தம்பி" என்றேன். கூட நாலடி ஓடி வந்து, "முடிக்காம குடுக்கிறீங்களே அக்கா" என்றார். அவர் செய்த அந்த மரியாதையை எந்த விமரிசகரும் எந்தப் புத்தகத்துக்கும் செய்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து, கொடுத்துவிட மனசு வருகிற புத்தகம் ஒன்றாவது பையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இது கடினமான விதி. பிடிக்காத புத்தகத்தைக் கொடுப்பது தானம் இல்லை. மிகவும் பிடித்ததைக் கொடுக்க மனசு வராது. ஆக, பிடித்த புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்க வேண்டியிருக்கிறது.

நடைமுறை விஷயம் கொஞ்சம். அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள், முதுகைப் பார்த்து வாங்குங்கள். நூல் தையல் போட்ட புத்தகம் பஸ் பயணத்தைத் தாங்கும். வெறும் பசை ஒட்டியது சித்திரை வெயிலில் ஜன்னலோரம் இரண்டு மணி நேரம் இருந்தால் தாள் தாளாகக் கையோடு வரும். தையல் பக்கத்தில் வெற்றிடம் தாராளமாக விட்ட பதிப்பாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஓடுகிற வண்டியில் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு உள்ளோரத்துச் சொற்களைப் படிக்க முடியாது. ஆயிரம் பக்க நாவலை நான் என்ன செய்வேன் என்று சொன்னால் இங்கே சிலர் எழுந்து போய்விடுவீர்கள். பைண்டரிடம் கொடுத்து மூன்றாக அறுத்து, தனித்தனி அட்டை போட்டு வாங்கிவிடுவேன். "விஷ்ணுபுர"த்தை அப்படித்தான் மூன்று பயணத்தில் படித்தேன். அது மூன்று பகுதியாகவே எழுதப்பட்ட நாவல் என்பதால் பாவம் கொஞ்சம் குறைவு. பைண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "படிக்கிறதுக்குத்தானேம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் கத்தியை எடுத்தார்.

செல்போனில் எல்லாப் புத்தகமும் இருக்கிறதே, எதற்கு இந்தச் சுமை என்று சுவரோரம் நிற்கும் பிள்ளைகள் கேட்கலாம். என் போனிலும் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை காசில்லாமல் கிடைக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்த பெட்டியில், மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு யாரையும் எழுப்பாமல் குறுந்தொகை படிக்க அதைவிட வசதி கிடையாது. எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். இடார்சியில் ஜன்னல் வழியாகப் போனைக் கொடுத்துவிட்டு வர முடியாது.

நேரமாகிவிட்டது. வாசல் பக்கத்து மேசையில் என் அலமாரியிலிருந்து எடுத்து வந்த நாற்பது புத்தகங்கள் இருக்கின்றன. முதலில் சொன்னேனே, அந்த நடுத்தட்டுப் புத்தகங்கள் அதில் இல்லை, பயப்பட வேண்டாம். எல்லாம் ஒரு தடவையாவது பையில் போய் வந்தவை. ஓரம் மடங்கியிருக்கும், ஒன்றிரண்டில் சாம்பார் கறை இருக்கும். ஊருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டாம். நூலகர் கணக்கில் எழுத வருவார், விடாதீர்கள். கடைசி பஸ் ஒன்பது இருபதுக்கு. பாகம் எண்ணை மட்டும் பார்த்து எடுங்கள்.